காலியாக வந்த மூடி

ஹாலுக்கு ஐந்து நட்சத்திரம், மதியச் சாப்பாட்டுக்கு நான்கு, சமத்துவப் பயிற்சி கொடுக்கப் பெங்களூரிலிருந்து வந்திருந்த ரோகிணி மேடத்துக்கு ஐந்து, 'மற்றவர்களுக்கும் இந்தப் பயிற்சியைப் பரிந்துரைப்பீர்களா' என்பதற்கு ஆம், என்று மளமளவென்று கம்ப்யூட்டரில் அழுத்திக்கொண்டே வந்த பூங்கோதை கடைசிக் கேள்வியில் வந்து நின்றுவிட்டாள். நின்றவள் நின்றவள்தான், நகரவில்லை. 'பணியிடத்தில் நீங்கள் ஒதுக்கப்பட்டதாக எப்போதாவது உணர்ந்தது உண்டா?' உண்டு, இல்லை, இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும். உண்டு என்றால் கீழே இருக்கிற பெட்டியில் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். பெயர் வேண்டாமாம். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரவர் மெயிலுக்கே அனுப்பியிருக்கிறார்கள், யாருக்குக் காது குத்துகிறார்கள்? பக்கத்து சீட் முரளிதரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மேடம், எல்லாத்துக்கும் அஞ்சு போட்டு அனுப்பிட்டுக் கெளம்புங்க. சமத்துவம் நாளைக்கும் இருக்கும், பஸ் இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சிரித்தாள். நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு இந்தக் கேள்வி ஒரு கேள்வியே இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை, கல்யாணத்துக்கு முன்னாடி சேர்ந்தது, அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். இத்தனை வருஷத்தில் யாராவது அவளை ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருக்கிறார்களா? காலையில் வந்து கேட்டிருந்தால் யோசிக்காமல் 'இல்லை'யைத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பாள். காலையில்தான் ஹால் முழுக்கச் சிரிக்கச் சிரிக்க அந்த மூடிக் கதையைச் சொன்னாளே. சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ரோகிணி மேடம் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். "நான் இவங்கள்ல ஒருத்தின்னு நீங்க முழுசா நெனச்ச ஒரு எடத்த மனசுல கொண்டு வாங்க" என்றார். சிலர் கண்ணை மூடி யோசித்தார்கள், சிலர் கண்ணை மூடித் தூங்கினார்கள். பூங்கோதைக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மூடின கண்ணுக்குள் மவுண்ட் ரோட்டுப் பழைய ஆபீஸின் இரண்டாம் மாடி தானாக வந்தது. ஏறினால் படிக்கொரு சத்தம் போடுகிற மரப்படி, கம்பிக் கதவு போட்ட லிஃப்ட், அது நடுவில் நின்றால் "தம்பி, தம்பி" என்று கத்த வேண்டும். கோந்து வாசனை, ஃபைல் நாடா வாசனை, மழை பெய்தால் ஜன்னல் கட்டையில் நனைகிற புறா வாசனை. ஒரு மணி ஆனதும் டைப்ரைட்டர்கள் ஒவ்வொன்றாக ஓயும். ஓய்ந்ததும் டப்பாக்கள் திறக்கிற சத்தம் கேட்கும், அடடா, அந்தச் சத்தம்! ரெக்கார்டு ரூம் வாசலில் இரண்டு பழைய மேசைகளை ஒட்டிப் போட்டு, மேலே காலண்டர் தாளைத் திருப்பி விரித்து, சுற்றி ஏழு பெண்கள். யார் ஆரம்பித்துவைத்தது என்று தெரியாத ஒரு வழக்கம் அங்கே உண்டு. அவரவர் கொண்டுவந்ததில் கொஞ்சம் எடுத்து டப்பா மூடியில் வைத்து வலப்பக்கம் தள்ளிவிட வேண்டும். வலப்பக்கத்துக்காரி ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு அடுத்தவளுக்குத் தள்ளுவாள். ஏழு மூடியும் ஒரே நேரத்தில் மேசையைச் சுற்றும். போன மூடி காலியாகத் திரும்பி வந்தால் அன்றைக்கு அவள் சமையல் பாஸ். மிச்சத்தோடு வந்தால் தொலைந்தாள், "ஏண்டி, புருஷன்கிட்ட சண்ட போட்டுட்டு சமைச்சியா, உப்பு தூக்கலா இருக்கு" என்று அன்றைக்கு முழுக்க அவள் மண்டைதான் உருளும். மாமியார் கொடுமையிலிருந்து மஞ்சள் காமாலை மருந்து வரைக்கும் எல்லாம் அந்த மேசையில்தான் பேசினார்கள், தீபாவளிச் சேலை தவணைக்காரரிடம் ஏழு பேரும் ஒரே டிசைனில் எடுத்து ஒரே நாளில் கட்டிக்கொண்டு வந்து மேனேஜரையே குழப்பினார்கள். பூங்கோதையின் பையனுக்கு மூன்றாம் வகுப்பு அட்மிஷன் கிடைத்தபோது அந்த மேசைதான் முதலில் கை தட்டியது. எவ்வளவு நன்றாக இருந்தது! வீட்டில் கிடைக்காத சிரிப்பெல்லாம் அங்கே கிடைத்தது.

இதையெல்லாம் எழுந்து நின்று சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே வயசு குறைந்த மாதிரி இருந்தது. ரோகிணி மேடம் ஆசையாகக் கேட்டுவிட்டு, "உங்க மூடியிலேருந்து எல்லாரும் எடுத்துப்பாங்களா?" என்றார். "எங்க மேடம் எடுக்கறது! எனக்கு வலப்பக்கம் பிரமுக்கா. பிரமநாயகின்னு பேரு, திருநெல்வேலிக்காரங்க. மூடி அவங்க கைக்குப் போச்சுன்னா போச்சு. 'ஒருத்திக்கும் கெடையாது, போங்கட்டி'ன்னு அப்படியே அவங்க தட்டுல கவுத்துப்பாங்க. மத்தவங்களுக்கு வெறும் மூடிதான். நாங்க அவங்கள பகாசுரின்னுதான் கூப்புடுவோம்." ஹால் கொல்லென்று சிரித்தது. ரோகிணி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பூங்கோதையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்த 'அப்படியா'வை அப்போது பூங்கோதை பொருட்படுத்தவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பிரிஞ்சிக்கு ரைத்தா போட்டுக்கொள்ளும்போது அது ஒரு தரம் வந்தது. கை கழுவும்போது வந்தது. மத்தியானம் ஏதோ படம் காட்டி ஏதோ சொன்னார்கள், அது எதுவும் ஏறவில்லை, இது மட்டும் பல்லிடுக்கில் மாட்டின தேங்காய்த் துருவல் மாதிரி நாக்குக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. அப்படியா என்றால் என்ன அர்த்தம்? யாரோ ஊர் பேர் தெரியாத பொம்பளை, ஒரு நாள் வந்து ஸ்லைடு போட்டுவிட்டுப் போகிறவள், அவளுக்கு என் மேசையைப் பற்றி என்ன தெரியும்?

ஒன்றும் தெரியாது. சும்மா சொல்லியிருப்பார். நாமெல்லாம் பேச்சுக்கு நடுவில் 'ஓ' என்று சொல்வதில்லையா. ஓ. சாரதா மேடம் சொன்ன ஓ. இது எங்கிருந்து வந்தது இப்போது? வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். சாரதா மேடம்தான் அந்த மேசைக்குத் தலைவி மாதிரி, சீனியர், நெற்றியில் பெரிய பொட்டு. "உக்காரும்மா. எங்கேருந்து வர்றே?" பெரம்பூர். "பெரம்பூர்ல எங்கே?" பூங்கோதை தெருவின் பெயரைச் சொன்னாள். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. சாரதா மேடம், "ஓ" என்றார். மேசை கொஞ்சம் அமைதியானது. ஆனது, இல்லையா? ஆனது. அப்போதுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒல்லியாக ஒருத்தி எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு சுற்றி வந்து பூங்கோதைக்கு வலப்பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "தெருவ வச்சி என்ன செய்ய? கொழம்பு என்னன்னு சொல்லுட்டி" என்றாள். மேசை சிரித்துவிட்டது. பூங்கோதையும் சிரித்தாள். இத்தனை வருஷம் அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த நாற்காலி இழுபட்ட சத்தம்தான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது, அந்த 'ஓ' வந்ததே இல்லை. அதற்கப்புறம் அந்த வலப்பக்கத்து இடத்தில் பிரமுக்கா வேறு யாரையும் உட்கார விட்டதில்லை. ஏழு பேரில் ஒருத்தியான லலிதா ஒரு நாள் தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள், "எந்திரிட்டி, எங்க அப்பன் எழுதிவச்ச எடம் இது" என்று பிரமுக்கா அவள் முந்தானையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். என்ன சிரிப்பு அன்றைக்கு! சிரிப்புதான். இடப்பக்கத்தில் சாரதா மேடம். சாரதா மேடமும் கெட்டவர் இல்லை. மற்ற மூடிகளெல்லாம் இடப்பக்கத்திலிருந்துதானே வரும், ஒவ்வொன்றிலிருந்தும் அவரே ஒரு ஸ்பூன் எடுத்துப் பூங்கோதையின் தட்டில் வைப்பார். "நீ சின்னப் பொண்ணு, கூச்சப்படுவே, நானே வெக்கறேன்" என்பார். வைத்துவிட்டு மூடியை அவளைத் தாண்டி நீட்டிப் பிரமுக்காவிடம் கொடுத்துவிடுவார். தாண்டி. பூங்கோதை கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மேசையில் எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறாள். அடுத்தவர் மூடி எதையாவது அவள் கையால் தொட்டிருக்கிறாளா? ஞாபகம் இல்லை. தேடித் தேடிப் பார்க்கிறாள், ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

சே, என்ன புத்தி இது, ஒரு நாள் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்ததற்கு இப்படிப் பூதக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தால் உலகத்தில் யாரும் மிஞ்ச மாட்டார்கள். கொடுப்பதில் அவர்கள் குறை வைத்ததே இல்லை. சாரதா மேடத்தின் வத்தக்குழம்பு, லலிதாவின் வாழைப்பூ வடை, எதுவும் அவள் தட்டில் விழாமல் போனதில்லை. பையன் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாசமே வளையல் கொடுத்தனுப்பினார்கள். கொடுத்தார்கள். கொடுப்பது வேறு. ஐயோ, வாங்குவது? பிரமுக்கா லீவு போட்ட நாள் ஒன்றாவது இருந்திருக்குமே, அன்றைக்கு மூடி சுற்றியிருக்குமே, அன்றைக்கு எல்லாரும் எடுத்திருப்பார்களே, அதை நினைத்துப் பார்த்தால் தீர்ந்தது. பிரமுக்கா லேசில் லீவு போடமாட்டாள். காய்ச்சலோடு கம்பளி போர்த்திக்கொண்டு வந்த நாள்கூட உண்டு. ஆனால் அவள் அம்மா இறந்தபோது ஊருக்குப் போனாளே, பதினாறு முடித்துத்தானே வந்தாள். முதல் நாள் பூங்கோதை உருளைக்கிழங்கு வறுவல் கொண்டுபோனாள். உருளைக்கிழங்கை வேண்டாம் என்று சொல்கிற மனுஷி பிறந்திருக்கிறாளா? மூடி போய்ச் சுற்றி வந்தது, வைத்தது வைத்தபடி. லலிதாவுக்குக் கிருத்திகை. சாரதா மேடத்துக்கு அல்சர். இன்னொருத்திக்குப் பல் வலி. பாவம், பல் வலியோடு முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாளும் அப்படியே ஏதோ ஒன்று. சாயங்காலம் டப்பாவைத் திறந்து பார்த்து, "இன்னா, இன்னிக்கு உங்க பகாசுரி வரலியா?" என்று தேவராஜ், வீட்டுக்காரர்தான், மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் பூங்கோதை மூடியே வைக்கவில்லை. வேலை ஜாஸ்தி என்று தன் சீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள்? யாரும் எதுவும் சொல்லவில்லையே. உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, மனசுக்குச் சொல்லவில்லை. பிரமுக்கா திரும்பி வந்தாள், முகமெல்லாம் வாடி, தலையில் எண்ணெய்கூட இல்லாமல். எல்லாரும் துக்கம் கேட்கச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் பூங்கோதையிடம் வந்து கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, மூடி சுத்துச்சா?" ஆபீஸே சிரித்தது. தாய் செத்த துக்கத்திலும் சோத்து நினைப்பு பார் இவளுக்கு என்று வருஷக்கணக்கில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பூங்கோதையே எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். மூடி சுத்துச்சா. அன்றைக்கு அவள் என்ன பதில் சொன்னாள்? "எங்கக்கா, நீ இல்லாம என்ன சுத்துது" என்றாள். பிரமுக்கா அவள் தலையில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுத் தன் சீட்டுக்குப் போனாள்.

ஏசி காற்று நேராகக் கழுத்தில் அடிக்கிறது. கிண்டியில் இந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறின நாளிலிருந்து அவளுக்குக் கழுத்து வலிதான். இங்கே மேசையும் இல்லை, மூடியும் இல்லை, ஆளுக்கொரு கூண்டில் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். யாரும் யாருக்கும் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை, அந்த வகையில் சமத்துவம்தான். போன் டிங் என்றது. 'மூடி கோஷ்டி' குரூப். ரிட்டயர் ஆனவர்கள், ஆகப்போகிறவர்கள், ஏழு பேரும் அதில் உண்டு. சாரதா மேடம்தான்: 'ஞாயிறு மதியம் அண்ணாநகர் என் வீட்டில். பழையபடி மூடி சுற்றணும். அவரவர் ஒரு ஐட்டம். பூங்கோதை, உன் கத்தரிக்காய் மாங்காய்க் குழம்புக்காகப் பிரமு நெல்லையிலேருந்து ரயிலேறி வர்றா!' கீழே ஐந்து சிரிப்பு மூஞ்சி. அந்தக் குழம்பு பூங்கோதையின் அம்மா கைப்பக்குவம், தனியா கசகசா வறுத்து அரைத்து, மாங்காய் கரையாமல் கத்தரிக்காய் மட்டும் குழைய வேண்டும். வாரம் ஒரு தரமாவது கொண்டுபோவாள். கத்தரிக்காய். அன்றைக்கு மத்தியானமெல்லாம் பிரமுக்கா சீட்டில் உட்கார்ந்து அடி ஸ்கேலால் முழங்கையைச் சொறிந்துகொண்டிருப்பாள். முதுகில் விட்டுச் சொறிவாள். "இந்த ஆபீசு கொசு இருக்கே, அதுக்கு எங்க ஊரு ரத்தம்னா உசுரு" என்பாள். மவுண்ட் ரோட்டில் இரண்டாம் மாடியில் பட்டப்பகலில் கொசு. பிரமுக்கா மகள் கல்யாணத்துக்குப் பாளையங்கோட்டை போயிருந்தபோது பந்தியில் எண்ணெய்க் கத்தரிக்காய் வந்தது. அவள் வீட்டுக்காரர், அத்தான், பதறிப்போய்ப் பரிமாறுகிறவரைத் தடுத்தார். "அவளுக்கு வைக்காதீரும் வே! ஒடம்பெல்லாம் தடிச்சிரும். சின்னப் புள்ளையிலேர்ந்து ஆகாது அவளுக்கு." பூங்கோதைக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை. பார்த்தீர்களா, ஆகாத கத்தரிக்காயையும் என் கைப்பக்குவம் என்றால் பிரமுக்கா விடுவதில்லை என்று ரயிலில் வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். எதிர் சீட்டில் சாரதா மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். லலிதா தூங்குகிற மாதிரி இருந்தாள். அவர்களுக்குத் தெரியும். மேசையில் எல்லாருக்கும் தெரியும், தெரியாத ஒரே ஆள் இவள்தான். பகாசுரியாம், பகாசுரி! அந்த மேசையிலேயே பிரமுக்காவின் டப்பாதான் சின்ன டப்பா. கொஞ்சம் தயிர்சாதம், ஒரு நார்த்தங்காய்த் துண்டு. இதை ஒருத்தியாவது யோசித்தாளா? பூங்கோதையாவது யோசித்தாளா?

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், முதலில் ரோகிணி மேடத்தின் மேல்தான் வந்தது. நன்றாக இருந்தேனே, என் பாட்டுக்குச் சந்தோஷமாக நினைத்துக்கொண்டு ரிட்டயர் ஆகியிருப்பேனே, ஒரு 'அப்படியா'வைப் போட்டு என் வாழ்க்கையிலேயே நல்லா இருந்த ஒண்ணையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாயே அம்மா, உனக்கு நான் ஐந்து நட்சத்திரம் வேறு போட்டிருக்கிறேன். அப்புறம் சாரதா மேடத்தின் மேல் வந்தது, அந்தப் பெரிய பொட்டின் மேல், 'நானே வெக்கறேன்' என்ற அந்தக் குரலின் மேல். அல்சராம்! அப்புறம், சொல்லவே கூசுகிறது, பிரமுக்காவின் மேலும் வந்தது. பரிதாபப்பட்டுத்தானே சாப்பிட்டிருக்கிறாள்? ஐயோ பாவம் என்று நாய்க்குட்டியைத் தூக்கிவைத்துக்கொள்கிற மாதிரிதானே? அந்தச் சிரிப்பு, அந்த 'ஏட்டி கோதை', அதெல்லாமும் பாவம் பார்த்துத்தானா? அப்படியென்றால் அவளுக்கென்று அந்த மேசையில் மிஞ்சுவது என்ன? மௌஸை எடுத்து 'உண்டு' மேல் வைத்தாள். உணர்ந்தது உண்டா என்று கேட்கிறார்கள். உணரவில்லையே! ஒரு நாளும் உணரவில்லை, சத்தியமாக உணரவில்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். 'இல்லை'க்குப் போனாள். அதிலும் கை ஓடவில்லை. "மேடம்," ஹெச்ஆர் அபிநயா வந்து பக்கத்தில் நின்றாள், "உங்களுது மட்டும்தான் பாக்கி. அனுப்பிட்டீங்கன்னா நான் க்ளோஸ் பண்ணிடுவேன்." "ஒரு போன் பேசிட்டு அனுப்பறேம்மா" என்றாள் பூங்கோதை. பேசப் போகிறோம் என்று அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"ஏட்டி கோதை! ஒனக்கு ஆயுசு நூறு. இப்பத்தான் ஞாயித்துக்கெழமைக்கி எந்தச் சேலையக் கெட்டன்னு பீரோவக் கொடஞ்சிட்டு நிக்கேன்." குரலில் வயசே ஏறவில்லை. பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. பூங்கோதைக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "பிரமுக்கா, உனக்குக் கத்தரிக்கா ஆகாதுல்ல?" என்றாள். "யம்மா, அந்த மிக்ஸிய நிறுத்து" என்று பிரமுக்கா மருமகளிடம் சொல்வது கேட்டது. "ஆரு சொன்னா?" "அத்தான்தான் சொன்னாரு, கல்யாணத்துல." "அவ்வோ கெடக்காவ. அது வயசான பொறவு வந்தது." "சின்னப் புள்ளையிலேருந்துன்னு சொன்னாரு." அந்தப் பக்கம் பீரோக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "அக்கா, அவங்க யாரும் என் மூடியத் தொட மாட்டாங்கன்னு உனக்கு எப்பத் தெரியும்?" பிரமுக்கா பெருமூச்சு விட்டாள். "இப்ப எதுக்குட்டி அந்தச் சவத்த?" "சொல்லுக்கா." "மொத நாளே தெரியும். அவ 'ஓ'ன்னாள்லா, அப்பவே." "ஏன் எங்கிட்ட சொல்லல?" "சொல்லிருந்தா மறுநாள் அந்த மேசைக்கி நீ வந்திருப்பியா?" பூங்கோதை யோசித்தாள். "மாட்டேன்." "ம். நீ வராட்டி அவளுவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு எனக்கு எப்பிடிட்டி சோறு எறங்கும்? சாரதாகிட்ட ஒருக்க சண்டயும் போட்டேன், டைப்பிங் ரூமுக்குள்ள வச்சி. எங்க வீட்டுல பழக்கமில்ல பிரமுன்னு முடிச்சிட்டா. அதுக்குப் பொறவு பேசி என்ன செய்ய? திங்கத்தான் முடிஞ்சிது, தின்னேன்." பூங்கோதை போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். கேட்க வேண்டியதை அவள் இன்னும் கேட்கவில்லை. "பாவம்னு சாப்ட்டியாக்கா?" கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "போட்டி, கிறுக்கி" என்றாள் பிரமுக்கா. நிஜமாகவே கோபம். "பாவம் பாத்து ஒரு நா திங்கலாம், ரெண்டு நா திங்கலாம். வருசக்கணக்கா சொறிஞ்சிக்கிட்டே திங்கணும்னா கொழம்பு நல்லா இருக்கணும்லா!" பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது, இரண்டையும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். மவுண்ட் ரோட்டு மாடியில் ஒரு மணிக்கு டப்பா திறக்கிற சத்தம் அவளுக்கு மறுபடி கேட்டது. ஏழு டப்பா கேட்கவில்லை, இரண்டு கேட்டது. இரண்டு போதும் போலிருந்தது.

"ஞாயித்துக்கெழம வருவேல்லா?" பிரமுக்கா மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் கேட்கிற குரலில் பயம் இருந்தது. "வராம இருந்துராதட்டி. நான் ஒனக்காவத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன்." "வரேன்க்கா. கொழம்பும் கொண்டாரேன். கத்தரிக்கா வேணாம், முருங்கக்கா போட்டு வெக்கறேன், உனக்கு ஆகுமில்ல?" "முருங்கக்காயா? பேஷா ஆவும். மசால் அதே மசால்தான?" "அதே மசால்தான். ஆனா ஒண்ணு." இதை இவள் யோசித்து வைத்திருக்கவில்லை, வாயில் தானாக வந்தது. "இந்த வாட்டி மூடிய வலப்பக்கம் தள்ள மாட்டேன்க்கா. எல்லாரும் பாக்க இடப்பக்கம் தள்ளுவேன். மொதல்ல சாரதா மேடம்கிட்ட போவட்டும்." லைன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. அபிநயா கொஞ்சம் தள்ளி நின்று வாட்ச்சைப் பார்த்தாள். பூங்கோதை போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு 'உண்டு' என்பதைத் தொட்டாள். பெட்டியில் இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினாள்: 'அன்றைக்கு உணரவில்லை. பக்கத்தில் இருந்தவள் உணர விடவில்லை. இன்றைக்குத்தான் உணர்ந்தேன்.' பெயர் வேண்டாம் என்றிருந்தார்கள், பெயரையும் சேர்த்துப் போட்டாள், அனுப்பினாள். அபிநயா தலையாட்டிவிட்டுப் போனாள். "அக்கா, இருக்கியா?" "இருக்கேன், இருக்கேன்" என்று பிரமுக்கா மூக்கை உறிஞ்சினாள். "நீ தள்ளு. எடுக்கவ எடுக்கட்டும், எடுக்காதவ கெடக்கட்டும். இடப்பக்கமாச் சுத்துனாலும் கடைசில எங்கிட்டத்தானட்டி வரணும்? நான் வெறுஞ்சோத்தப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்."